மூன்றாம் பாகத்துக்கு வரைபடம் கிடையாது

என் அண்ணனுக்கு ஒரு கருத்து உண்டு. சின்ன வயதில் அவன் ஆடிய வாள்சண்டை வீடியோ கேம் இருக்கிறதே, அந்த வரிசையிலேயே மூன்றாம் பாகம்தான் மட்டமானது என்பது அந்தக் கருத்து. இந்த ஆகஸ்டில் பிரான்சிலிருந்து லீவுக்கு வந்தவன், மூலக்குளத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, பன்னிரண்டு வயது மகளுக்கு அதை விரல் விட்டு எண்ணிச் சொன்னான். பலம் இரண்டு, பலவீனம் நான்கு. நான் அடுப்படியில் வஞ்சிரத்துக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தேன். காதில் விழாத மாதிரிதான் இருந்தேன், ஆனால் ஒரு வார்த்தையும் தப்பவில்லை.

பலவீனங்களில் முதலாவது வரைபடம்.

"மேப்பே கிடையாது பாப்பா. எங்க இருக்கோம், எங்க போவணும், ஒண்ணும் காட்டாது. எல்லாத்தயும் மண்டையிலதான் வெச்சிக்கணும். நான் அப்படி வெச்சிதான் முடிச்சேன்."

மீன் துண்டைக் கையில் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றேன். அவன் மண்டையில் ஒன்றும் இருந்ததில்லை. இருந்ததெல்லாம் என் கணக்கு நோட்டில். கட்டம் போட்ட நாற்பது பக்க நோட்டு, அட்டையில் பெருக்கல் வாய்பாடு அச்சடித்தது. அது இப்போதும் பீரோவில் ரேஷன் கார்டுக்கும் அப்பாவின் இறப்புச் சான்றிதழுக்கும் நடுவில் இருக்கிறது.

கேம் எங்களிடம் வந்த கதை சின்னது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நேஷனாலிட்டி இருந்தது. இந்த ஊரில் அந்த வார்த்தைக்கு பிரெஞ்சுக் குடியுரிமை என்று ஒரே ஒரு அர்த்தம்தான். அவர்களுடைய உறவுக்காரப் பையன் ஒரு வருடம் வக்கான்சுக்கு, அதாவது லீவுக்கு, வந்தபோது, புது கேம் பெட்டி வாங்கிவிட்டதால் பழையதை என் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனான். கூட ஒரே ஒரு டிஸ்க். முதல் பாகமும் இல்லை, இரண்டாம் பாகமும் இல்லை, நேரே மூன்றாம் பாகம். அதில் பேச்சு, எழுத்து எல்லாமே பிரெஞ்சில். அப்போது அவனுக்குப் பதினான்கு வயது, எனக்குப் பன்னிரண்டு. இரண்டு பேருக்கும் பிரெஞ்சில் 'மெர்சி' தவிர வேறெதுவும் தெரியாது.

கன்ட்ரோலரும் ஒன்றுதான். அது அவன் கைக்குப் போனது. ஒரு மணி நேரம் தா, அரை மணி நேரம் தா என்று கெஞ்சிப் பார்த்தேன். "நீ ஆடுனா செத்துடுவ, மறுபடி மொதல்லேந்து வரணும்" என்றான். அம்மாவிடம் சொன்னேன். "அவந்தான் ஆடறான் இல்ல, நீ பாரு" என்றாள். பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தால் கை சும்மா இருக்காதே, அதனால் வரைய ஆரம்பித்தேன்.

தண்ணீரில் பாதி மூழ்கிய கோட்டை ஒன்று. அதற்குள் இடது கையில் கட்டுப் போட்ட ஒரு வீரன் வழி தேடுகிறான். கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் அந்த வாள் இருக்கிறதே, அதைப் பற்றி இன்றைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன். இப்போது வரும் கேம்களில் வாள் பென்சில் மாதிரி சுழல்கிறது. அதில் அப்படியில்லை. ஒரு வீச்சுக்கு அவன் தோள் மொத்தமும் திரும்பும், தவறினால் அடுத்த வீச்சுக்குக் காத்திருக்க வேண்டும், அதற்குள் எதிரி அடித்துவிடுவான். அண்ணன் மகளிடம் சொன்ன இரண்டு பலங்களில் ஒன்று அந்த வாள். இன்னொன்று, எதிரிகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சண்டை போடுவார்கள் என்பது. இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டும் கையில் கன்ட்ரோலர் வைத்திருந்தவனுக்குக் கிடைத்த சந்தோஷங்கள்.

கேமரா திரும்பாது, பின்னணியில் பாட்டு இல்லை, செத்தால் முக்கால் மணி நேரம் பின்னால் போக வேண்டும். வரைபடத்தோடு சேர்த்தால் இவைதான் அவனுடைய நான்கு. செத்தால் பின்னால் போவது தண்டனைதான், அதை நானும் சேர்ந்து அனுபவித்தேன். கேமரா சனியன் பிடித்தது. ஆள் தூணுக்குப் பின்னால் போனால் அது தூணைத்தான் காட்டும். ஆனால் வரைபடமும் பாட்டும் இருந்திருந்தால் அந்த விளையாட்டில் எனக்கு இடமே இருந்திருக்காது. அதை அவன் மறந்துவிட்டான் என்று அப்போது நினைத்தேன்.

கிணறு என்று நாங்கள் பேர் வைத்திருந்த இடம் ஒன்று உண்டு. வட்டமான ஆழமான கட்டடம், அடியில் தண்ணீர், நடுவில் ஒரு சக்கரம். சக்கரத்தைத் திருப்பினால் தண்ணீர் வடியும், கீழே ஒரு கதவு தெரியும். கதவு பூட்டியிருக்கும். சாவி இல்லை. அந்தச் சாவி நாலைந்து இடங்களுக்கு முன்னால், படகோட்டும் கிழவி ஒருத்தியின் விளக்குக்கு அடியில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போ என்று அவள்தான் சொல்கிறாள். பிரெஞ்சில் சொல்கிறாள். எங்களுக்கு என்ன தெரியும்? தலையில் முக்காடு, கையில் விளக்கு, சுற்றிலும் தண்ணீர். ஏதோ அம்மன் என்று நினைத்துக்கொண்டோம். அண்ணன் ஒவ்வொரு முறையும் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு அவளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வான். அவள் பேசி முடித்ததும் படகு கிளம்பிவிடும், திரும்பி வராது. சாமி கும்பிட்டுவிட்டுச் சாவியை விட்டுவிட்டுப் போனவர்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

கிணற்றில் ஒன்பது நாள் மாட்டிக்கொண்டோம். பரீட்சை முடிந்து விட்டிருந்த லீவு, பகலெல்லாம் அதே வேலை. அண்ணன் வெறுத்துப்போய் கன்ட்ரோலரைத் தூக்கி மெத்தையில் எறிந்தான். ஒன்பதாம் நாள் நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. கிணற்றுக்கு வெளியே ஒரு வராந்தா. அதில் அவனை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்கச் சொன்னேன். பாட்டு இல்லாததால் காலடிச் சத்தம் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்கும். பதினான்கு. பிறகு உள்ளே, அதே சுவரை ஒட்டி நடக்கச் சொன்னேன். ஒன்பதோடு சுவர் வந்துவிட்டது. மீதி ஐந்து அடி எங்கே? கட்டத்தில் ஐந்து சதுரம் வெள்ளையாக இருந்தது. தண்ணீரை முழுக்க நிரப்பியும் முழுக்க வடித்தும் பார்த்திருந்தோம், பாதியில் நிறுத்திப் பார்த்ததில்லை.

"சக்கரத்த பாதி திருப்பி நிறுத்து" என்றேன். "தண்ணி பாதியில நிக்கட்டும். இப்ப திரும்பாம பின்னாடியே நட."

"பின்னாடி செவுருதான்."

"நட சொல்றேன் இல்ல."

நடந்தான். கேமரா அவன் முகத்தையே காட்டிக்கொண்டிருந்தது. மூன்று அடி, நான்கு அடி, ஐந்தாவது அடியில் அவன் கை எதையோ பிடித்து ஏற ஆரம்பித்தது. ஏணி. தண்ணீர் முழுக்க நிறைந்திருந்தாலும் எட்டாது, முழுக்க வடிந்தாலும் எட்டாது, பாதியில் நின்றால்தான் கைக்குக் கிடைக்கும். அண்ணன் கத்திய கத்தலில் அம்மா ஓடி வந்தாள். அவன் என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். அந்த வீட்டில் யாரும் என்னைத் தூக்கிச் சுற்றியது அதற்கு முன்னாலும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

அந்த நாளை நான் நோட்டில் பெட்டி போட்டு எழுதியிருக்கிறேன். 'சக்கரம் அரைச் சுற்று. நிறுத்து. திரும்பாதே. பின்னால் ஐந்து அடி.'

கிணற்றுக்கு அப்புறம் எழுத்தைப் படித்தால்தான் திறக்கும் கதவுகள் வந்தன. அதில் நின்றுபோனோம். ஒன்பதாம் வகுப்பில் இரண்டாவது மொழி எது என்று பள்ளியில் கேட்டபோது, "நீ பிரெஞ்சு எடு. படிச்சி சொல்லு" என்றான் அண்ணன். மார்க் நிறைய வரும் என்று வீட்டிலும் ஒப்புக்கொண்டார்கள். அவன் தமிழே எடுத்திருந்தான். நான் ஒருத்தி ராப்பகலாக வினைச்சொற்களை உருப்போட்டு, ஒரு வருடத்தில் கதவுகளைப் படிக்க ஆரம்பித்தேன். கிழவி அம்மன் இல்லை, துறையில் காசு வாங்கும் படகுக்காரி என்பதும், சாவியைப் பற்றி அவள் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதற்கடுத்த லீவில் கேமை முடித்தோம். முடிவு மட்டம். அந்த வீரன் தனியாக வெளியே வருகிறான், வெளிச்சம் அடிக்கிறது, எழுத்து ஓடுகிறது. அவனுக்கு வழி சொன்னவர்கள் யாரும் அதில் இல்லை. என் பட்டியலில் அதுதான் முதல் பலவீனம்.

சில வருடம் கழித்து அண்ணனுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணுக்கு நேஷனாலிட்டி. அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சொல்தா வீடு என்று தெருவே சொல்லும். பையனுக்குக் கொஞ்சமாவது பிரெஞ்சு தெரிந்தால் தேவலை என்று தரகர் காதைக் கடித்தார். பெண் பார்க்கப் போன அன்று காலையில் அவனை உட்காரவைத்து ஏழு வாக்கியம் சொல்லிக் கொடுத்தேன். கேமில் ஏற்கெனவே கேட்டுப் பழகிய வாக்கியங்களைத்தான் கொஞ்சம் திருப்பிப் போட்டேன். 'கதவு அந்தப் பக்கம் பூட்டியிருக்கிறது' என்பதை மட்டும் சொல்லிவிடாதே என்று கிண்டலும் செய்தேன்.

பூத்தட்டோடு நானும் போயிருந்தேன். அவன் ஏழு வாக்கியத்தில் ஐந்தைச் சரியாகச் சொன்னான். சொல்தா முகம் மலர்ந்துவிட்டது.

"யாரு தம்பி சொல்லிக் குடுத்தது?"

"நானே கத்துக்கிட்டேன் மாமா. கேம் ஆடி ஆடி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கல்யாணம் கூடிவரும் நேரம், அங்கே போய் யார் சொல்லிக் கொடுத்தது என்று கணக்குப் பார்ப்பதா? ஆனால் என் பக்கம் அவன் ஒரு பார்வையாவது பார்ப்பான் என்று எதிர்பார்த்தேன். தட்டில் இருந்த பூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு விசாவுக்கு ஒரு மொழிப் பரீட்சை இருந்தது. மூன்று மாதம் தினமும் சாயந்திரம் அவனுக்குப் பாடம் எடுத்தேன். பாஸ் செய்தான், போனான். போகும்போது "அம்மாவ பாத்துக்க" என்று மட்டும் சொன்னான்.

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அப்பா போய்விட்டார். எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அந்த பிரெஞ்சை வைத்து, கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் ரிசப்ஷனில் வேலை. பிரான்சிலிருந்து வருபவர்களுக்கு நோணாங்குப்பம் படகுத்துறைக்கு எப்படிப் போவது, எந்த இடத்தில் பஸ் ஏறுவது என்று தாளில் கோடு போட்டுக் கொடுப்பேன். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். முன்பின் தெரியாதவர்கள்.

இந்த ஆகஸ்டுக்கு வருகிறேன். அந்தப் பழைய மூன்றாம் பாகத்தையே மெருகேற்றி மறுபடியும் வெளியிட்டிருக்கிறார்கள். அண்ணன் அதை மகளுக்காக வாங்கி, எங்கள் டிவியில் மாட்டிக் கொடுத்தான். படம் பளபளவென்று இருந்தது. வரைபடம் மட்டும் சேர்க்கவில்லை. அவளுக்கு நெட் பார்க்கக் கூடாது என்று அவனே சட்டம் போட்டிருந்தான். பார்த்து ஆடினால் அது ஆட்டமே இல்லையாம். கிழவி படகோடு வந்தாள். மருமகள் கவனமாகக் கேட்க ஆரம்பித்தாள், அவளுக்குத்தான் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு ஆயிற்றே. அண்ணன் சொன்னான்: "அத தாண்டிடு பாப்பா, அதுல ஒண்ணும் இல்ல. சும்மா பேசுவா."

பட்டனை அமுக்கித் தாண்டிவிட்டாள். அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் கிணற்றில் மாட்டிக்கொண்டார்கள். அண்ணனும் கன்ட்ரோலரை வாங்கிப் பார்த்தான். சக்கரத்தை முழுக்கச் சுற்றினான், தண்ணீர் வடிந்தது, பூட்டிய கதவு. மறுபடி நிரப்பினான், மறுபடி வடித்தான். மதியம் சாப்பாடு ஆறிப்போனது. அண்ணி இரண்டு தடவை கூப்பிட்டாள். நான் சாம்பாரைச் சூடு பண்ணிக்கொண்டு வந்தபோது, மருமகள் என்னைப் பார்த்துக் கேட்டாள். அவள் தமிழ் கொஞ்சம் நொண்டும். அப்பாவை பிரெஞ்சில் 'பப்பா' என்றுதான் சொல்வாள்.

"அத்தை, நீங்க இது தெரியுமா? பப்பா சின்னதுல ஆடும்போது நீங்க பாத்தீங்களா?"

எனக்கு ஆசை வந்துவிட்டது. இந்த வயதில் வெட்கமாகக்கூட இருந்தது. பெரிதாக ஒன்றும் வேண்டாம் எனக்கு. மகள் எதிரில், அண்ணி எதிரில், 'மேப் போட்டது அத்தைதான்' என்று ஒரு வாக்கியம். அதை அவன் வாயால் கேட்க வேண்டும். கேட்டால் ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்து அவள் மடியில் வைத்துவிடுவேன். அவனைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். நேராகப் பார்த்தான்.

"அத்தைக்கு கேமெல்லாம் தெரியாது பாப்பா" என்றான். "இத தொட்டதே இல்ல."

அதில் பொய் என்று காட்ட எதுவும் இல்லை. தொட்டதில்லைதான். சாம்பாரை வைத்துவிட்டு உள்ளே போனேன். அம்மா பின்னாலேயே வந்து, "ஒரு மாசம் வந்துட்டு போற புள்ள, உடு" என்றாள். எதை விடச் சொல்கிறாய் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கும் அந்த நோட்டு தெரியும்.

கிளம்பும் வரை அந்தக் கேமை அவர்கள் மறுபடி போடவில்லை. தவளக்குப்பத்தில் அண்ணியின் சொந்தக்காரர் வீட்டு விருந்து, துணிக்கடை, கோயில் என்று நாள் ஓடிவிட்டது. அவன் மறந்துதான் போயிருக்கிறான், இருபது வருடத்துக்கு மேல் ஆகிறதே என்று என்னையே சமாதானப்படுத்திப் பார்த்தேன். மறந்திருந்தால் மன்னித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அவர்கள் போய் இரண்டு மாதம் கழித்து, என் வார லீவு நாளான ஒரு புதன்கிழமை மதியம், அண்ணன் என் நம்பருக்குக் கூப்பிட்டான். எப்போதும் அம்மாவுக்குத்தான் கூப்பிடுவான். சௌக்கியம் விசாரித்தான். ஓட்டல் வேலையெல்லாம் எப்படி என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"பாப்பா ஸ்கூலுக்கு போயிருக்கா. அந்த கெணறு இல்ல, அத எப்படி தாண்டுனோம்? சக்கரத்துல ஏதோ பண்ண சொன்னியே."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நெட்ல பாத்துட்டேன். எல்லாம் சாவி வெச்சிதான் போறானுங்க. சாவி இல்லன்னா மொதல்லேந்து ஆரம்பின்றான். நீ ஒரு ஏணி கண்டுபிடிச்சியே. அந்த நோட்டு இருக்குதா? ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன்."

அப்படியென்றால் எல்லாமே ஞாபகம் இருக்கிறது. ஏணி, சக்கரம், நோட்டு, நான் சொன்னது. கூடத்தில் என்னை நேராகப் பார்த்தபோதும் ஞாபகம் இருந்திருக்கிறது. அவ்வளவு நாள் நான் செய்துவைத்திருந்த சமாதானம் ஒரே நிமிடத்தில் போய்விட்டது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"இருக்குது" என்றேன். "பாப்பா வந்ததும் வீடியோல கூப்பிடு. நோட்ட காட்டி நானே அவளுக்கு சொல்றேன்."

"அவ எதுக்கு? எங்கிட்ட சொல்லு, நான் சொல்லிக்கறேன்."

"இல்ல. அவகிட்டதான் சொல்வேன்."

"இன்னா நீ, இதுக்கு போயி சின்ன புள்ளையாட்டம்."

"அத வரைஞ்சப்ப சின்ன புள்ளதான்."

"சரி, அவ வரட்டும். கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டான்.

புதன்கிழமை அங்கே பள்ளி அரை நாள்தான். இங்கே ஐந்து மணிக்குள் அவள் வீட்டுக்கு வந்திருப்பாள். பீரோவைத் திறந்து நோட்டை எடுத்தேன். கிணற்றுப் பக்கத்தில் எண்ணெய்க் கறை இருந்தது, அந்த ஐந்து சதுரமும் நன்றாகவே தெரிந்தன. முகம் கழுவி, தலை வாரி, போனை ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று இரண்டு தடவை சொல்லியும் பார்த்தேன். அம்மா வந்து காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனாள். விளக்குப் போடும் நேரம் வந்ததும் நோட்டை எடுத்து உள்ளே வைத்தேன்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கம்போல் அம்மாவுக்குத்தான் கூப்பிட்டான். ஒரு ஞாயிறு அம்மா குளித்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். திரையில் மருமகள் இருந்தாள். பின்னால் சோபாவில் அவன்.

"என்னம்மா, கிணற தாண்டிட்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல அத்தை. பப்பா எல்லாம் தேடிட்டார். சாவி இல்லாம யாரும் தாண்டவே முடியாதாம். பப்பாவும் சின்னதுல சாவி வெச்சிதான் போனாராம். அது கேம் பண்ணவங்க தப்பு."

அவளுக்குப் பின்னால் அவன் டிவி ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அப்போதே அவளிடம் சொல்லியிருக்கலாம். பீரோ நாலு அடி தள்ளித்தான் இருந்தது. ஆனால் அவன் சொல்ல வேண்டியதை நானே எடுத்துச் சொல்வதில் எனக்கு என்ன இருக்கிறது? அப்புறம் அது மகள் எதிரில் அவனைப் பொய்யனாக்குவதில்தான் போய் முடியும். அவனுக்கு அது தெரியும், நான் செய்ய மாட்டேன் என்பதும் தெரியும்.

"அப்படியா?" என்றேன். அம்மா ஈரத் தலையோடு வந்தாள். போனை அவள் கையில் கொடுத்தேன்.

அண்ணன் கணக்கில் மூன்றாம் பாகத்துக்கு இப்போது பலவீனம் ஐந்து.